ஒரு அணா டிபன்

விம்கோ நகர் பக்கம் மெட்ரோவில் போயிருக்கீங்களா? வண்ணாரப்பேட்டை தாண்டினதும் அடுத்த ஸ்டேஷன் பெயரைச் சொல்வாங்க: சர் தியாகராயா கல்லூரி. பாதிப் பேர் காதில் இயர்போன் இருக்கும், மீதிப் பேர் ஃபோனைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. யார் இந்த சர் தியாகராயர்னு நாம யாரும் கேட்கிறதில்ல.

தெற்கே போனாலும் அவர்தான். தி.நகரில் இருக்கிற அந்த ஒற்றை எழுத்து 'தி' அவர் பெயரோட முதல் எழுத்து. தீபாவளிக்கு ரங்கநாதன் தெருவில் நசுங்கி வந்த நாம எல்லாருமே அவர் பெயரில் இருக்கிற ஊருக்குப் போய்ட்டு வந்தவங்கதான். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற நண்பர்களுக்கு அவர் ஒரு மார்க் கேள்வி: நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். டிக் பண்ணிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம்.

இந்தக் கட்டுரை அந்த டிக்குக்கு அப்புறம் இருக்கிற விஷயத்தைப் பத்தினது. 1920-ல் அவர் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு டிபன் போட வழி செய்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணா. கேட்க ரொம்பச் சின்ன விஷயமாத் தெரியும். ஆனா இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஏழைப் பிள்ளைகளின் உரிமை பத்தி இன்னைக்கு நடக்கிற பேச்சில் பாதி, அந்த ஒரு அணாவுக்குள்ளேயே இருக்கு. எப்படின்னு பார்ப்போம்.

நம்ம ஏரியாக்காரர்

பிட்டி தியாகராயர் 1852 ஏப்ரல் 27-ல் பிறந்தவர். தெலுங்கு பேசும் தேவாங்கர் குடும்பம். பரம்பரைத் தொழில் நெசவு. அவருக்கு நாலு வயசு இருக்கும்போது, 1856-ல், ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது. அவர் முப்பதை நெருங்கும்போது துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பெரம்பூரில் பக்கிங்ஹாம் மில், அடுத்து கர்நாடிக் மில் வந்தது. நாம இன்னைக்கு வடசென்னைன்னு சொல்றோமே, துறைமுகம், ரயில், ஆலைச் சங்கு, உப்பளம், தோல் கிடங்கு, அது எல்லாம் அவர் கண் முன்னாடி உருவானது. அவரோட வளர்ந்த ஊர் இது.

குடும்பத்துக்கு வசதி உண்டு. நெசவோட தோல், உப்பு, சுண்ணாம்புக் காளவாய்னு பல வியாபாரம். மாநிலக் கல்லூரியில் படித்து 1876-ல் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் பி.ஏ. என்பது நம்ம பி.இ. மாதிரி இல்ல, தெருவுக்கு ஒருத்தர் கூடத் தேற மாட்டாங்க.

அவர் பட்டம் வாங்கின அந்த வருஷத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வைங்க. 1876.

பஞ்சமும் ஒரு அணாவும்

அந்த வருஷம் மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் பொய்த்தது. 1876 முதல் 1878 வரை நடந்ததை தாது வருஷப் பஞ்சம்னு நம்ம பாட்டி வீட்டுப் பக்கம் இன்னும் சொல்வாங்க. செத்தவர்கள் 55 லட்சத்துக்குக் குறையாது. கிராமங்களில் இருந்து ஜனங்கள் மெட்ராசுக்கு நடந்து வந்தார்கள். அதே நேரம் கடற்கரையில் ஏற்றுமதிக்கான தானிய மூட்டைகள் மலை மாதிரி குவிந்து கிடந்தன. அதைக் காட்டும் படங்கள் இன்னைக்கும் இருக்கு.

அரசாங்கம் என்ன செய்தது? நிவாரண வேலை கொடுத்தது. வேலை செய்தால் சோறு. நிவாரணச் செலவைக் குறைக்க கல்கத்தாவிலிருந்து அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள் 1877-ல் ஒரு கூலி அளவை வகுத்தார். வெயிலில் ஒரு முழுநாள் மண் வெட்டினால் ஒரு ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம். அதோட ஒரு அணா. பெண்களுக்கும் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் கொஞ்சம் குறைவு. மெட்ராஸ் மாகாணத்தின் சுகாதார அதிகாரி கார்னிஷ், இந்த அளவு சாப்பாட்டில் மனிதன் வேலை செய்ய முடியாது, செத்துப் போவான் என்று சண்டை போட்டார். சில மாதம் கழித்துத்தான் அளவு கூட்டப்பட்டது.

பக்கிங்ஹாம் கால்வாய் நமக்குத் தெரியும். கொருக்குப்பேட்டையைத் தாண்டி எண்ணூர் பக்கம் போற வடக்குப் பகுதி முன்னாடியே வெட்டினது. ஆனா கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற 8 கிலோமீட்டர், 1877-78-ல் பஞ்ச வேலையா வெட்டினது. சாக்கடைன்னு மூக்கைப் பொத்திக்கிட்டுத் தாண்டுறோமே, அது பசியில் இருந்தவங்க தோண்டினது. அதில் பிள்ளைகளும் மண் சுமந்திருப்பாங்க. கூலிப் பட்டியலில் பிள்ளைக்குன்னு தனி அளவு வைத்திருந்தார்கள் என்பதை வைத்தே புரிஞ்சுக்கலாம்.

இன்னொரு பக்கம் ராயபுரத்தில் மணியக்காரர் சத்திரம். 1782-ல், அதற்கு முந்தைய ஒரு பஞ்சக் காலத்தில், கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வயசானவங்க இப்பவும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னுதான் சொல்வாங்க.

ஆக, தியாகராயர் இளைஞனா இருந்த மெட்ராசில் பசித்த பிள்ளைக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று கஞ்சித்தொட்டி: யாராவது இரக்கப்பட்டு ஊற்றினால் உண்டு. இன்னொன்று மண்வெட்டி: உழைத்தால் உண்டு. பிள்ளை என்பதற்காகவே, எதுவும் கேட்காமல், பொதுப் பணத்தில் சாப்பாடு என்கிற மூன்றாவது வழி யார் நினைப்பிலும் இல்லை.

நாடா ஓடின வேகம்

பட்டம் வாங்கினவர் அரசாங்க வேலைக்குப் போகாமல் தொழிலுக்கு வந்தார். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் குடும்பத்தின் நெசவுக்கூடம். அங்கே அவர் பறக்கும் நாடாத் தறிகளைக் கொண்டு வந்தார். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது பிடிக்கும். பழைய குழித்தறியில் நெசவாளி நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்க வேண்டும். துணியின் அகலம் கை எட்டுற அளவுதான். 1733-ல் ஜான் கே என்கிற ஆங்கிலேயர் நாடாவை ஒரு கயிறு இழுப்பில் இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு ஓட வைத்தார். வேகமும் கூடியது, அகலமும் கூடியது. மில் துணியோட போட்டி போட முடியாமல் கைத்தறி தடுமாறின காலத்தில், நம்ம ஊர் நெசவாளி பிழைக்க அது ஒரு வழியாகத் தெரிந்தது.

ஆனா நெசவு வீடுகளில் ஒரு கணக்கு உண்டு. நாடா வேகமா ஓடினால் தார் சீக்கிரம் தீரும். தார் சீக்கிரம் தீர்ந்தால் சுற்றிக் கொடுக்கிற கை அதிகம் வேணும். அந்தக் கை பெரும்பாலும் வீட்டில் இருக்கிற பிள்ளையோடது. மில்லிலும் அதே கதைதான். 1881-ல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் 7 வயசு ஆன பிள்ளை ஆலையில் வேலை செய்யலாம் என்றது. ஒரு நாளைக்கு 9 மணி நேரம் வரை. 1891-ல் அது 9 வயசு, 7 மணி நேரம் என்று மாறியது. 12 வயசுக்குக் கீழே வேண்டாம் என்று சட்டம் சொன்னது 1922-ல்தான்.

ஆகவே, ஏழைப் பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை என்பது தத்துவக் கேள்வி இல்ல. பள்ளிக்குப் போனால் ஒரு கை கூலி போச்சு, ஒரு வேளை சோறு போச்சு. சுண்ணாம்புக் காளவாய், உப்பளம், தோல், தறின்னு நாலு தொழில் நடத்தின குடும்பத்துக்காரருக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

நாற்பது வருஷக் கவுன்சிலர்

1882-ல் மெட்ராஸ் மாநகராட்சிக்குள் போனார். ஏறக்குறைய நாற்பது வருஷம் அங்கேயே இருந்தார். நல்லா யோசிச்சுப் பாருங்க, நாற்பது வருஷம். குழாய்த் தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு, மார்க்கெட், பள்ளிக்கூடம். எர்ரபாலு செட்டித் தெருவில் இருந்த மாநகராட்சி 1913-ல் ரிப்பன் மாளிகைக்குக் குடிபோனபோது அவரும் கூடவே போனார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தலைப்பாகை. வெள்ளுடை வேந்தர் என்ற பெயர் அதனால்தான் நின்றது. ரிப்பன் மாளிகை முன்னாடி நிற்கிற சிலை அவருடையது. அடுத்த முறை சென்ட்ரலில் இறங்கினா எட்டிப் பாருங்க.

1916 நவம்பரில் டி.எம். நாயர், நடேச முதலியார் போன்றவர்களோடு சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தொடங்கினார். அது நடத்தின ஜஸ்டிஸ் பத்திரிகையின் பெயரால் அது நீதிக்கட்சி ஆயிற்று. 1920 தேர்தலில் 98 இடங்களில் 63-ஐப் பிடித்தது. கட்சித் தலைவர் இவர். ஆட்சி அமைக்கச் சொல்லி கவர்னர் வெல்லிங்டன் பிரபு அழைத்தார். இவர் மறுத்துவிட்டார். சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சர் ஆனார். சில மாதங்களில் பனகல் அரசர் வந்தார்.

முதலமைச்சர் நாற்காலியை வேண்டாம்னு சொன்ன கதையைத்தான் எல்லாரும் சொல்வாங்க. ஆனா அவர் அதே சமயத்தில் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த நாற்காலி ஒன்று உண்டு: மாநகராட்சித் தலைவர் பதவி. அரசு அதிகாரி அல்லாத, தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவர் அவர்தான். நம்ம கதைக்கு அந்த நாற்காலிதான் முக்கியம்.

1920 செப்டம்பர் 16

அன்று மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானத்தை ஏற்றது. ஆயிரம் விளக்கில் இருந்த ஒரு மாநகராட்சிப் பள்ளியின் மாணவர்களுக்கு டிபன் தருவது. செலவு தலைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகக் கூடாது. தலைவர் சொன்ன காரணம் எளிமையானது: அங்கே படிக்கிறவர்கள் ஏழைப் பிள்ளைகள், அதனாலேயே பள்ளியில் சேருகிற எண்ணிக்கை பெரிதும் அடிபடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்க. 16 அணா ஒரு ரூபாய். 100 பிள்ளைகளுக்கு ஒரு நாள் டிபன் ஆறே கால் ரூபாய். ஒரு மாநகராட்சிக்கு இது பெரிய தொகை இல்ல. ஆனா அதில் இருந்த புதுமையைக் கவனிங்க.

1877-ல் அரசாங்கம் ஒரு அணாவையும் ஒரு பவுண்டு தானியத்தையும் கொடுத்தது ஒரு மனிதன் முழுநாள் மண் வெட்டினதுக்கு. 1920-ல் ஒரு பிள்ளைக்காக ஒரு அணா செலவழித்தது அந்தப் பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து அ ஆ படிச்சதுக்கு. நாற்பத்து மூணு வருஷத்தில் விலைவாசி மாறியிருக்கும், அந்த அணாவுக்குக் கிடைக்கிற பொருளும் குறைந்திருக்கும். ஆனா எதுக்காகக் கொடுக்கிறோம் என்பது தலைகீழா மாறிடுச்சு. கஞ்சித்தொட்டியில் பிள்ளை கையேந்தணும். கால்வாயில் பிள்ளை சுமக்கணும். இங்கே பிள்ளை வந்தால் போதும். அந்த மூன்றாவது வழி மெட்ராசில் இப்படித்தான் திறந்தது.

இன்னொரு விஷயம். அந்தக் காலத்தில் ஓட்டு சொத்தும் வரியும் உள்ளவர்களுக்குத்தான். டிபன் சாப்பிட்ட பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கு ஓட்டு இருந்திருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. அதனால இதை ஓட்டுக்குப் போட்ட சோறுன்னு சுலபமா ஒதுக்க முடியாது.

திட்டம் மேலும் நாலு பள்ளிகளுக்குப் போனது. மொத்தம் ஐந்து பள்ளி. 1922-23-ல் அந்தப் பள்ளிகளில் 811 பிள்ளைகள் படித்தார்கள். 1924-25-ல் 1,671. இரண்டே வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேல. புதுப் பாடத்திட்டமோ புதுக் கட்டடமோ கொண்டு வந்த கூட்டம்னு இதைச் சொல்ல முடியாது. வயிறுதான் தடையா இருந்தது. அதை எடுத்ததும் பிள்ளைகள் வந்துட்டாங்க.

வெள்ளுடையில் ஒரு கறை

இத்தோட கட்டுரையை முடிச்சிருந்தா நல்ல தலைவர் கதையா இருந்திருக்கும். ஆனா 1921-ஐத் தாண்டிப் போக முடியாது.

அந்த வருஷம் ஜூனில் பின்னி மில்லில் வேலைநிறுத்தம். சுமார் ஆறு மாதம் இழுத்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் அதில் நிற்கவில்லை, வேலைக்குப் போனார்கள். அதற்குப் பின்னால் நீண்ட காலச் சாதிப் பிளவும் வறுமையும் இருந்தன. புளியந்தோப்பில் மோதல் வெடித்தது. குடிசைகள் எரிந்தன. போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. அந்த நேரத்தில் தியாகராயரும் அவர் கட்சியும் ஆதிதிராவிடர் பக்கம் நிற்கவில்லை. அவர்களையும், அவர்களுக்கு உதவிய அரசுத் தொழிலாளர் துறையையும் குறை சொல்லும் பக்கமே கட்சியின் குரல் இருந்தது. ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா மனம் கசந்து 1923-ல் கட்சியை விட்டு வெளியேறினார்.

ஆயிரம் விளக்கில் ஒரு ஏழைப் பிள்ளை டிபன் சாப்பிட வழி செய்தவர், புளியந்தோப்பில் இன்னொரு ஏழைப் பிள்ளையின் கூரை எரிந்தபோது அந்தப் பிள்ளைக்காகப் பேசவில்லை. இரண்டும் ஒரே ஆள், ஒரு வருஷ இடைவெளி. இதை மறைக்கவும் வேண்டாம், இதை வைத்து அந்த டிபனை அழிக்கவும் வேண்டாம். ஆனா ஒன்று புரியும். ஒரு பிள்ளையோட சாப்பாடு பெரியவர் ஒருத்தரின் நல்ல மனசில் தொங்கிக்கொண்டிருந்தால், அந்த மனசு எங்கே நிற்கிறதோ அதோட சாப்பாடும் நின்றுவிடும். நம்ம பாஷையில் சொன்னா, சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்.

ஒரு உத்தரவு, ஒரு மரணம்

அது நடக்கவும் செய்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து டிபனுக்குச் செலவழிக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு தடுத்தது. 1925 ஏப்ரல் 1 முதல் அந்தச் செலவு நின்றது. பிள்ளைகள் மாறவில்லை, பசி மாறவில்லை, பள்ளி மாறவில்லை. எந்தத் தலைப்பில் பணம் எடுப்பது என்பது மட்டும் மாறியது. கல்வி என்றால் பலகை, புத்தகம், வாத்தியார் சம்பளம். சாப்பாடு கல்வி ஆகாது என்பதுதான் அதற்குள் இருந்த வாதம். தியாகராயர் அதே 1925-ல், 73 வயசை ஒட்டி, காலமானார்.

திட்டத்தை மறுபடி கொண்டு வரச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. 1927-ல் மறுபடி தொடங்கியது; இந்த முறை 25 பள்ளிகளில் 1,000 ஏழைப் பிள்ளைகளுக்கு. ஆனா நடுவில் போன அந்த மாதங்களில் வராமல் நின்ற பிள்ளைகளில் எத்தனை பேர் 1927-ல் பள்ளிக்குத் திரும்புற வயசில் இருந்திருப்பார்கள்? எட்டு வயசுப் பிள்ளைக்கு இரண்டு வருஷம் என்பது திரும்பி வராத இரண்டு வருஷம். நமக்கு அரியர் வைத்தால் அடுத்த செமஸ்டர் உண்டு. அவங்களுக்கு இல்ல.

அணாவிலிருந்து சட்டத்துக்கு

அதுக்கப்புறம் உங்களுக்குத் தெரிஞ்ச கதை. காமராஜர் 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி மாநிலம் முழுக்கக் கொண்டு போனார். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 2001 நவம்பர் 28-ல் உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களும் அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், வருஷத்தில் 200 நாளாவது. 2013-ல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை உரிமையாகவே எழுதியது. உணவு தராவிட்டால் அதற்கு ஈடாகப் படி தரணும்னு சட்டமே சொல்லுது. 1925-ல் நின்ற அந்த டிபனுக்கு இல்லாதது இதுதான்: நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்க ஒரு வழி.

ஆப்பிரிக்காவிலும் இதே பாதையில்தான் நடக்கிறார்கள். ஆப்பிரிக்க நாடுகள் 1990-லேயே பிள்ளைகளின் உரிமைக்கும் நலனுக்கும் தனிச் சாசனம் எழுதின. கல்வியும் போதுமான சத்துணவும் அதில் உண்டு. கானா 2005-ல் பள்ளி உணவுத் திட்டம் தொடங்கியது. உள்ளூர் விவசாயி விளைவித்ததை வைத்தே பிள்ளைகளுக்குச் சூடான சாப்பாடு தருவது அதன் நோக்கம். மார்ச் 1-ஐ ஆப்பிரிக்கப் பள்ளி உணவு நாள் என்று ஆப்பிரிக்க ஒன்றியம் 2016 முதல் கொண்டாடுகிறது. வெளிநாட்டு நன்கொடையில் ஓடுகிற உணவு எந்த நாளும் நிற்கலாம். சொந்த நாட்டு பட்ஜெட்டில் ஒரு வரியாக ஏறினால் அதற்காகச் சண்டை போடலாம். அங்கே பல நாடுகள் இன்று அந்த வரிக்காகத்தான் போராடுகின்றன. நாம 1925-லேயே அதை வலியோட கத்துக்கிட்ட ஊர்.

2022 செப்டம்பர் 15-ல் தமிழ்நாட்டில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. ஆயிரம் விளக்குத் தீர்மானத்துக்கு 102 வருஷம் நிறைய ஒரு நாள் பாக்கி. முதல் கட்டத்திலேயே வடசென்னைப் பள்ளிகள் அதில் இருந்தன. காசிமேட்டில் அம்மா விடிகாலை மீன் ஏலத்துக்குப் போன வீட்டுப் பிள்ளைக்கும், எண்ணூர்ப் பக்கம் அப்பா நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கும் வீட்டுப் பிள்ளைக்கும், காலை எட்டு மணிக்கு ஒரு தட்டு உப்புமாவோ பொங்கலோ என்னன்னு நமக்கு நல்லாத் தெரியும். நம்மில் சிலர் சத்துணவுத் தட்டோட வரிசையில் நின்னுதான் இந்தக் கேம்பஸ் வரைக்கும் வந்திருக்கோம்.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். இலவசம் இலவசம்னு யாராவது வாட்ஸ்அப்பில் கிண்டல் அடிச்சா, 811, 1,671 என்கிற இரண்டு எண்ணை மட்டும் அனுப்பி வைங்க. உங்க தெருவில் இருக்கிற மாநகராட்சிப் பள்ளியில் ஒரு நாள் சாப்பாடு வரலைன்னு தெரிஞ்சா, பாவம்னு சொல்லிட்டு நகராதீங்க, ஏன் வரலைன்னு கேளுங்க. பாவம் என்பது கஞ்சித்தொட்டிக் காலத்து வார்த்தை.

அடுத்த முறை மெட்ரோவில் அந்த ஸ்டேஷன் பெயர் வரும்போது இயர்போனை ஒரு நிமிஷம் கழட்டுங்க. கதவு திறக்கும்போது முதுகுப் பையோட நாலு பசங்க ஓடி வந்து ஏறுவாங்க. அவங்க சாப்பிட்டிருப்பாங்க.